மதிப்பெண் அட்டவணையில் ‘சர்வதேசம்’

(கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களான கட்சி உறுப்பினர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



‘சர்வதேசம்’ என்பது இந்த இயக்கத்துக்கு அந்நியமான சொல் அல்ல. 1864இல் லண்டனில் கூடிய தொழிலாளர்கள் தங்கள் சங்கத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டியது முதல், எல்லைகளைக் கடந்த உழைப்பாளர் ஒற்றுமையை அச்சொல் குறித்து வருகிறது. இன்றைய இந்தியப் பல்கலைக்கழகங்களில் அதே சொல் வேறொரு பொருளில் புழங்குகிறது. ஓர் ஆசிரியரின் பதவி உயர்வுக் கோப்பில் ‘சர்வதேச இதழ்’ என்ற சொல் இடம்பெற்றால் அதற்கு ஒரு விலை உண்டு. முதலில் மதிப்பெண்ணாகக் குறிக்கப்படும் அவ்விலை, பின்னர் பதவியாகவும் ஊதியமாகவும் மாறுகிறது. தனியார் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் அது நேரடியாக ரொக்கமாகவே கைக்கு வருகிறது. இந்த விலையை நிர்ணயிப்பவர் யார், அதற்கான செலவைச் சுமப்பவர் யார் என்பதே இவ்வுரையின் பொருள்.

முதலில் அட்டவணையைப் பார்ப்போம். பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, 2010இல் ‘ஏபிஐ’ என்ற கல்விச் செயல்திறன் குறியீட்டை அறிமுகப்படுத்தியது. ஆசிரியரின் பணி முழுவதும், வகுப்பறை முதல் ஆய்வு வரை, புள்ளிகளாகக் கணக்கிடப்பட்டது. எதிர்ப்புகள் எழுந்தன; திருத்தங்கள் வந்தன. 2016 கோடையில் இதே விதிகளின் ஒரு திருத்தம், உதவிப் பேராசிரியரின் வாராந்திர வகுப்புகளை 16 மணி நேரத்திலிருந்து பயிற்சி வகுப்புகளையும் சேர்த்து 24 மணி நேரமாக உயர்த்தியபோது, தில்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் விடைத்தாள் திருத்தும் பணியைப் புறக்கணித்துப் போராடி அதைத் திரும்பப் பெற வைத்தனர். 2018இல் வந்த புதிய விதிமுறைகள் ஏபிஐ என்ற பெயரை நீக்கின. ஆனால் புள்ளிக் கணக்கு ஒழியவில்லை. ‘ஆய்வு மதிப்பெண்’ என்ற புதிய பெயரில் அது பல்கலைக்கழகங்களில் தங்கிவிட்டது.

அந்த அட்டவணையின்படி, அறிவியல் துறைகளில் ஒரு கட்டுரைக்கு 8 மதிப்பெண். மொழி, கலை, சமூக அறிவியல் துறைகளில் 10. இதற்கு மேல், கட்டுரை வெளிவந்த இதழின் ‘தாக்கக் காரணி’க்கு ஏற்பக் கூடுதல் மதிப்பெண் சேரும். தாக்கக் காரணியே இல்லாத இதழ் என்றால் 5. ஒன்றுக்குக் குறைவான காரணி உடையது என்றால் 10. அப்படியே ஏறிச் சென்று, காரணி 10ஐத் தாண்டினால் 30. ஒரே தரமுள்ள இரண்டு ஆய்வுகளில் ஒன்று 13 மதிப்பெண்ணும் மற்றொன்று 38 மதிப்பெண்ணும் பெறலாம் என்பதே இதன் பொருள். கட்டுரையை எவரும் படித்துப் பார்க்க வேண்டியதில்லை. எந்த இதழில் வந்தது என்பதைப் பார்த்தால் போதும். நூலுக்கும் இதே கதைதான். சர்வதேசப் பதிப்பகம் வெளியிட்டால் 12, தேசியப் பதிப்பகம் வெளியிட்டால் 10. அந்தச் சர்வதேசப் பதிப்பகம் தில்லியில் கிளை வைத்து, தில்லிப் புறநகரில் அச்சடித்து, இந்திய வாசகருக்கே விற்ற நூலானாலும் 12தான். இணைப் பேராசிரியராக நேரடி நியமனம் பெற 75 ஆய்வு மதிப்பெண் தேவை, பேராசிரியராக 120.

தாக்கக் காரணியை நிர்ணயிப்பது யார்? யுஜிசி அல்ல. இந்தியாவின் எந்த அறிவியல் கழகமும் அல்ல. ‘தாம்சன் ராய்ட்டர்ஸ் பட்டியலின்படி’ என்று 2018 விதிமுறையே எழுதி வைத்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அந்த நிறுவனம் 2016இலேயே தனது ஆய்விதழ்த் தரவுத்தளத் தொழிலை 355 கோடி டாலருக்கு இரண்டு தனியார் முதலீட்டு நிறுவனங்களிடம் விற்றுவிட்டது. இப்போது அது கிளாரிவேட் என்ற பெயரில் நடக்கிறது. இந்திய அரசிதழில் வெளியான ஒரு விதிமுறை, ஆசிரியர்களின் தகுதியை அளக்கும் அதிகாரத்தை ஓர் அந்நிய நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அந்நிறுவனம் அத்தொழிலை விற்று இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தது விதிமுறையை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

தாக்கக் காரணி எதை அளக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள், இந்த ஆண்டு சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதுதான் அந்த எண். அமெரிக்காவைச் சேர்ந்த யூஜின் கார்ஃபீல்டு 1960களில் உருவாக்கிய மேற்கோள் அட்டவணையிலிருந்து பிறந்த இந்த எண், எந்த இதழுக்குச் சந்தா கட்டலாம் என்று முடிவெடுக்க நூலகர்களுக்குப் பயன்பட்டது. இதழைப் பற்றிய சராசரி அது. தனியொரு கட்டுரையைப் பற்றி எதையும் சொல்லாது. சொல்லக்கூடாது என்று உலகின் அறிவியலாளர்களே 2013இல் சான் பிரான்சிஸ்கோ பிரகடனத்தில் கையெழுத்திட்டு அறிவித்தார்கள். அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்தும் யுஜிசி அந்த எண்ணைத் தன் விதிகளில் வைத்துக்கொண்டது.

இனி செலவுக் கணக்கு. ஓர் ஆய்வுக்கு ஆசிரியரின் ஊதியம், ஆய்வகம், ஆய்வு மாணவரின் உதவித்தொகை எல்லாம் பெரும்பாலும் மக்களின் வரிப்பணம். கட்டுரையை எழுதுபவருக்கு இதழ் நிறுவனம் பணம் தருவதில்லை. அதைப் படித்துச் சரிபார்த்துத் தரும் சக ஆய்வாளருக்கும் தருவதில்லை. இப்படி விலையின்றிப் பெற்ற சரக்கை அதே பல்கலைக்கழகங்களின் நூலகங்களுக்கு அந்நிறுவனம் விற்கிறது. மூலப்பொருளும் உழைப்பும் இலவசம், உற்பத்தி செய்தவரே வாடிக்கையாளர் என்ற இப்படியொரு தொழிலை மூலதனத்தின் வரலாற்றில் காண்பது அரிது. எல்செவியரின் தாய் நிறுவனமான ரெலெக்ஸின் ஆண்டறிக்கைகள், அதன் ஆய்விதழ்ப் பிரிவு நூறு ரூபாய் வருவாயில் 35 ரூபாய்க்கு மேல் செயல்பாட்டு லாபம் ஈட்டுவதைக் காட்டுகின்றன. இதழ்களை விற்கும் இதே நிறுவனம்தான் ‘ஸ்கோபஸ்’ என்ற தரவுத்தளத்தையும் நடத்துகிறது. எந்த இதழ் மதிப்புடையது என்று பட்டியலிடுபவரும் இதழ் விற்பவரும் ஒருவரே. ஒன்றிய அரசின் ‘என்ஐஆர்எஃப்’ தரவரிசையில் பல்கலைக்கழகங்களின் கட்டுரை எண்ணிக்கையும் மேற்கோள் எண்ணிக்கையும் கிளாரிவேட், எல்செவியர் ஆகிய இவ்விருவரின் தரவுத்தளங்களிலிருந்தே எடுக்கப்படுகின்றன.

2024 நவம்பரில் மோடி அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசுக் கல்வி நிறுவனங்களில் படிக்கலாம். 2025 முதல் 2027 வரையான மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். சிறு நகரக் கல்லூரியின் மாணவருக்கு இதனால் ஒரு கதவு திறக்கிறது என்பதை மறுக்க வேண்டியதில்லை. இத்தனை காலம் பெரிய நிறுவனங்களில் இருந்தவர்களுக்கு மட்டுமே கிடைத்த இதழ்கள் அவை. ஆனால் அந்த 6,000 கோடி, இந்திய ஆய்வாளர்களே எழுதி இலவசமாகக் கொடுத்த கட்டுரைகளையும் உள்ளடக்கிய தொகுப்புக்குத் தரப்படும் வாடகை. மூன்று ஆண்டுகள் கழித்து நூலகத்தில் எதுவும் சொந்தமாக மிஞ்சும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

சந்தாவுக்குப் பதிலாக எழுதியவரிடமே கட்டணம் வாங்கும் முறையும் வந்துவிட்டது. ‘நேச்சர்’ இதழில் வெளியாகும் கட்டுரையை எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட 9,500 யூரோ என்று 2020இல் அறிவிக்கப்பட்டது. அன்றைய மதிப்பில் எட்டு லட்சம் ரூபாய்க்கும் மேல். 2015இல் மாணவர்கள் யுஜிசி வாயிலில் அமர்ந்து காத்தார்களே, நெட் தேர்வு பெறாத ஆய்வு மாணவருக்கான அந்த உதவித்தொகை மாதம் 8,000 ரூபாய். ஒரு கட்டுரையின் கட்டணம், ஒரு மாணவரின் நூறு மாத உதவித்தொகை.

உச்சியில் இப்படி என்றால் அடியில் என்ன நடந்தது? மதிப்பெண்ணுக்குக் கட்டுரை வேண்டும் என்றதும் கட்டுரைக்குச் சந்தை உருவானது. சில ஆயிரம் ரூபாய் கட்டினால் சில நாட்களில் எதையும் அச்சேற்றும் போலி இதழ்கள் முளைத்தன. அவற்றில் பலவற்றின் பெயர் ‘இன்டர்நேஷனல்’ என்றே தொடங்கும். முகவரி ஏதோ ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பாக இருக்கும். இத்தகைய இதழ்களில் உலகெங்கும் 2010இல் சுமார் 53,000 கட்டுரைகளும் 2014இல் சுமார் 4,20,000 கட்டுரைகளும் வெளிவந்ததாக ஃபின்லாந்து ஆய்வாளர்கள் 2015இல் மதிப்பிட்டார்கள். எழுதியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இந்தியர். ஏபிஐ வந்த ஆண்டு 2010 என்பதைத் தோழர்கள் நினைவில் கொள்ள வேண்டும். யுஜிசி 2017இல் தானே 38,000க்கும் மேற்பட்ட இதழ்களைக் கொண்ட பட்டியலை வெளியிட்டது. 2018 மே மாதத்தில் அதிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்துச் சேர்க்கப்பட்டவற்றில் 1,009 இதழ்களை ஆராய்ந்த ஆய்வாளர்கள், அவற்றில் 88 சதவீதத்துக்கும் மேற்பட்டவை தரம் குறைந்தவை என்று ‘கரன்ட் சயன்ஸ்’ இதழில் எழுதினர். பிறகு ‘கேர்’ என்ற புதிய பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதுவும் கைவிடப்பட்டது.

இதை ஆசிரியர்களின் ஒழுக்கக்கேடு என்று மட்டும் பேசுவது ஆட்சியாளர்களுக்கு வசதியானது. ஆய்வகம் இல்லாத, நல்ல நூலகம் இல்லாத, நூறு மாணவர்கள் கொண்ட வகுப்பை நடத்தும் ஓர் ஆசிரியரிடம் ‘சர்வதேசக் கட்டுரை எங்கே’ என்று கேட்டால் அவர் கடைக்குத்தான் போவார். ஆய்வு மாணவர்களுக்கும் இதுவே நேர்ந்தது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி 2022இல்தான் நீக்கியது. மறுபுறம், பெரிய அளவில் முதலீடு செய்யும் தனியார் நிறுவனங்கள் இதையே ஒரு தொழில்நுட்பமாக வளர்த்துவிட்டன. சென்னையில் ஒரு தனியார் பல் மருத்துவக் கல்லூரியில், இளநிலை மாணவர்கள் தேர்வின் பகுதியாகவே ஆய்வுக் கட்டுரைகளை எழுதுவதாகவும், அவை அக்கல்லூரியின் கட்டுரைகளையே திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டுவதாகவும் அமெரிக்காவின் ‘சயன்ஸ்’ இதழ் 2023இல் ஒரு விசாரணைச் செய்தியை வெளியிட்டது. எண்ணைக் கேட்டார்கள், எண்ணைத் தந்தார்கள்.

இங்கே ஓர் எதிர்வாதத்தை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். கட்சிக்கு நெருக்கமான தலித், பழங்குடி, பெண் ஆசிரியர்களில் சிலரே இதை எழுப்புகிறார்கள். ‘புள்ளிக் கணக்கில் குறை இருக்கலாம்; ஆனால் நேர்காணல் குழுவின் விருப்பத்தை விட அது மேல். குழுவில் இருப்பவர் சாதி பார்ப்பார், ஊர் பார்ப்பார், சீடப்பிள்ளையா என்று பார்ப்பார். எண் அதைப் பார்க்காது’ என்கிறார்கள். இது அனுபவத்திலிருந்து வரும் குரல், புறந்தள்ளத்தக்கதல்ல. ஆனால் 2018 விதிமுறையை ஊன்றிப் படித்தால் அந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை என்பது விளங்கும். உதவிப் பேராசிரியர் நியமனத்தில் பட்டங்களுக்கும் கட்டுரைகளுக்குமான மதிப்பெண் நேர்காணலுக்கு அழைப்பதற்கு மட்டுமே பயன்படும். தேர்வு முழுவதும் நேர்காணலை வைத்தே நடக்கும் என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. வாயிலில் தடுப்பதற்கு எண். உள்ளே தேர்ந்தெடுப்பதற்கு விருப்பம். ஒடுக்கப்பட்ட பிரிவிலிருந்து வரும் முதல் தலைமுறைப் பட்டதாரி இரண்டு இடங்களிலும் இழக்கிறார்.

அவர் பெரும்பாலும் கௌரவ விரிவுரையாளராகவோ, தில்லியில் சொல்வது போலத் தற்காலிக ஆசிரியராகவோ பல ஆண்டுகளைக் கழித்திருப்பார். யுஜிசி 2019இல் நிர்ணயித்த உச்சவரம்பே ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 ரூபாய். ஆய்வு விடுப்பு இல்லை. ஆய்வு நிதி இல்லை. கோடை விடுமுறையில் ஊதியமே இல்லை. கட்டுரை மட்டும் வேண்டும். நிரந்தர ஆசிரியருக்குப் பதவி உயர்வைத் தரும் அதே அட்டவணை, இவருக்கு வேலையைத் தராமலிருப்பதற்கான காரணமாகிறது. ஆசிரியர் சங்கங்களின் மேடைகளில் பதவி உயர்வு விதிகளைப் பற்றி எழும் குரலில் பாதி கூட இவருக்காக எழுவதில்லை என்பதும் உண்மை.

அறிவு என்ற பக்கத்திலிருந்து பார்த்தால் இழப்பு இன்னும் பெரிது. 1945இல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் இருந்த இளைஞர் சி.ஆர்.ராவ் ஒரு கட்டுரை எழுதினார். வெளியானது ‘கல்கத்தா கணிதச் சங்கத்தின் புல்லட்டின்’ என்ற உள்நாட்டு இதழில். புள்ளியியல் துறையின் அடித்தளங்களில் ஒன்றாக மாறிய அக்கட்டுரைக்காகவே, 78 ஆண்டுகளுக்குப் பிறகு, 2023இல், அவருக்குச் சர்வதேசப் புள்ளியியல் பரிசு அறிவிக்கப்பட்டது. இரண்டு ஆண்டு மேற்கோளை எண்ணும் தாக்கக் காரணியில் இதற்கு ஏது இடம்? யுஜிசி அட்டவணையில் அக்கட்டுரைக்கு 13 மதிப்பெண்ணைத் தாண்ட வழியில்லை. சி.வி.ராமனின் கண்டுபிடிப்பை விரிவாக அறிவித்த 1928ஆம் ஆண்டுக் கட்டுரை வெளிவந்ததும் ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்’ இதழில்தான். அதன் பிரதிகளை உலகெங்கும் அஞ்சலில் அனுப்பிவைத்தார்கள். அந்தத் தலைமுறை உலகத்தோடு பேசியது. ஆனால் சொந்த இதழ்களைக் கட்டி எழுப்பிக்கொண்டே பேசியது.

சமூக அறிவியலில் நிலைமை கூர்மையானது. மராட்டியத்தின் பீட் மாவட்டத்திலிருந்து கரும்பு வெட்டப் புறப்படும் தொழிலாளர்களைப் பற்றி மராத்தியில் ஒரு கட்டுரை எழுதினால், அதைப் படித்துப் பயன்பெறக்கூடியவர்கள் அந்த மாவட்டத்திலேயே இருக்கிறார்கள்: சங்க ஊழியர், உள்ளூர் மருத்துவர், அந்தத் தொழிலாளியின் மகள். அதே ஆய்வை ஆங்கிலத்தில், மேலை நாட்டு இதழின் ஆர்வத்துக்கேற்ற கோட்பாட்டுச் சட்டகத்தில் வைத்து எழுதினால் மதிப்பெண் கூடும். அந்த வாசகர்கள் எல்லோரும் வெளியே நிற்பார்கள். நாளடைவில் கேள்விகளே மாறிப்போகின்றன. எது மக்களுக்குத் தேவை என்பதற்குப் பதில் எது வெளியாகும் என்று ஆய்வாளர் யோசிக்கத் தொடங்குகிறார். 1962 முதல் மலையாளத்தில் அறிவியலை மக்களிடம் கொண்டு சென்றுவரும் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தின் பணிக்கு உழைத்த எத்தனையோ ஆசிரியர்கள் உண்டு. அந்த உழைப்புக்கு ஆய்வு மதிப்பெண் அட்டவணையில் ஒரு வரி கூடக் கிடையாது. மொழிபெயர்ப்புக்கு உண்டு: ஒரு முழு நூலுக்கு 8. மார்க்சின் ‘மூலதனம்’ நூலை ஒருவர் பத்தாண்டு உழைத்துத் தம் மொழியில் கொண்டுவந்தாலும் 8தான்; ஒரே ஒரு சமூக அறிவியல் கட்டுரையின் 10ஐ அது எட்டாது.

அப்படியானால் புள்ளிக் கணக்கை ஒழிப்பதாக அரசே சொன்னால் வரவேற்கலாமா? 2025 ஜனவரியில் யுஜிசி வெளியிட்ட வரைவு விதிமுறை அதைத்தான் சொன்னது. எண்ணிக்கை வேண்டாம், ஒன்பது துறைகளில் குறைந்தது நான்கில் ‘குறிப்பிடத்தக்க பங்களிப்பு’ இருந்தால் போதும் என்றது. அந்த ஒன்பதில் இந்திய மொழிகளில் கற்பித்தல் இருக்கிறது, சமூகப் பணி இருக்கிறது. கேட்க இனிமைதான். கூடவே ‘இந்திய அறிவு மரபு’ இருக்கிறது. நிதி திரட்டிய ஸ்டார்ட்-அப் நிறுவனம் தொடங்குவதும் இருக்கிறது. எது குறிப்பிடத்தக்கது என்று தீர்மானிப்பது தேர்வுக் குழு. அதே வரைவு, துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரத்தை வேந்தரின் கையில், அதாவது பெரும்பாலான மாநிலங்களில் ஒன்றிய அரசு அனுப்பும் ஆளுநரின் கையில் வைத்தது. தமிழ்நாடு, கேரளம் ஆகியவற்றின் சட்டமன்றங்கள் இதை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றின. எண்ணை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஆட்சியின் விசுவாசத்தை வைப்பது விடுதலை அல்ல. கிளாரிவேட்டின் பட்டியலிலிருந்து தப்பி நாகபுரியின் பட்டியலில் சிக்குவதாகவே அது முடியும்.

ஆகவே கோரிக்கையைக் கவனமாக வடிக்க வேண்டியிருக்கிறது. சீனா 1990களிலிருந்து சர்வதேசக் கட்டுரைகளுக்கு ரொக்கப் பரிசளித்து வந்த நாடு. 2016இல் ‘நேச்சர்’ அல்லது ‘சயன்ஸ்’ இதழில் ஒரு கட்டுரைக்குச் சராசரியாக 43,000 டாலருக்கு மேல் அங்குள்ள பல்கலைக்கழகங்கள் வழங்கியதாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. அந்த நாடே 2020 பிப்ரவரியில் அத்தகைய பரிசுகளுக்குத் தடை விதித்தது. எண்ணிக்கைக்குப் பதிலாக ஆய்வாளர் தேர்ந்தெடுத்துத் தரும் சில முக்கியப் படைப்புகளைப் படித்து மதிப்பிட வேண்டும், உள்நாட்டு இதழ்களுக்கும் இடமளிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நடைமுறையில் பழைய பழக்கம் எளிதில் போய்விடுமா என்பது வேறு கேள்வி. பிரேசிலில் 1990களின் இறுதியில் பொதுநிதியில் தொடங்கிய ‘சைலோ’ தளம், போர்த்துகீசிய, ஸ்பானிய மொழி இதழ்களை எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் எட்டும்படி வைத்திருக்கிறது. லத்தீன் அமெரிக்காவின் பல நாடுகள் அதில் இணைந்துள்ளன. இந்திய மொழிகளுக்கு இப்படியொரு பொதுத்தளத்தை அமைக்க 6,000 கோடியில் ஒரு சிறு பங்கு போதும்.

இந்தியாவில் ‘படித்து மதிப்பிடுதல்’ என்றவுடன், யார் படிப்பது என்ற கேள்வி எழும். எதிர்வாதம் செய்த தோழர்களுக்கு அங்கேதான் பதில் சொல்ல வேண்டும். மதிப்பீட்டுக் குழுவின் அறிக்கை எழுத்தில், காரணங்களோடு விண்ணப்பதாரருக்குத் தரப்பட வேண்டும். மேல்முறையீட்டுக்கு உரிமை வேண்டும். குழுவில் தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், பெண்கள் பெயரளவில் அல்லாமல் வாக்குரிமையோடு இடம்பெற வேண்டும். வெளி மதிப்பீட்டாளர்களைத் துணைவேந்தர் தனியே தேர்ந்தெடுக்கக்கூடாது, கல்விக் குழு தேர்ந்தெடுக்க வேண்டும். வகுப்பறைப் பணியை ஆய்வுக்குக் கீழே வைக்கும் அட்டவணையே கூடாது. தற்காலிக ஆசிரியரின் பணிக்காலம் முழுவதும் கணக்கில் வர வேண்டும். பணி நிரந்தரத்துக்குக் கட்டுரை எண்ணிக்கை நிபந்தனையாக இருக்கக்கூடாது.

ஆசிரியர் சங்கங்களில் பணியாற்றும் தோழர்கள் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அவரவர் பல்கலைக்கழகத்தில் கடந்த மூன்று ஆண்டுகளில் வெளியீட்டுக் கட்டணமாகவும், கட்டுரைக்கான ரொக்க ஊக்கத்தொகையாகவும், தரவுத்தளச் சந்தாவாகவும் எவ்வளவு செலவிடப்பட்டது, அதே காலத்தில் கௌரவ விரிவுரையாளர்களுக்கு எவ்வளவு தரப்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெற வேண்டும். ‘ஒரே நாடு ஒரே சந்தா’ ஒப்புதலின் காலம் 2027 உடன் முடிகிறது. புதுப்பிப்பதற்கான பேரம் தொடங்குவதற்கு முன்பு அந்த எண்கள் சங்கங்களின் கையில் இருந்தாக வேண்டும்.